கலிஃபோர்னியாவில் இன்டர்ன் ஃபார்மசிஸ்ட் லைசென்ஸ்: எப்போது, எப்படி விண்ணப்பிப்பது

கலிஃபோர்னியாவில் மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நின்று தொழில் பழக, பட்டம் மட்டும் போதாது. மாநில ஃபார்மசி போர்டு தரும் இன்டர்ன் ஃபார்மசிஸ்ட் லைசென்ஸ் வேண்டும். அது வருவதற்கு முன்னால் இங்கே பார்த்த வேலையில் ஒரு மணி நேரம்கூட பயிற்சிக் கணக்கில் சேராது. ஊரில் பத்து வருடம் கடை நடத்திய அனுபவமும் சேராது.

படிவம் நிரப்புவது பெரிய வித்தை இல்லை, ஒரு மாலையில் முடிந்துவிடும். அதை எந்த மாதத்தில் அனுப்புவது என்பதில்தான் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுகிறார்கள். இந்த லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாது. கொடுத்த நாளிலிருந்து காலம் ஓடத் தொடங்கிவிடும். நீங்கள் வேலையில் சேர்ந்தீர்களா இல்லையா என்று அது பார்க்காது.

யாருக்கு, எத்தனை வருடம்

மாநிலத்தின் தொழில் சட்டத் தொகுப்பில் 4208-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. அங்கீகாரம் பெற்ற ஃபார்மசி பள்ளியில் படித்துக்கொண்டிருப்பவருக்கு 1 முதல் 6 வருடம் வரை கிடைக்கும். அந்தப் படிப்பை முடித்து, முழு ஃபார்மசிஸ்ட் லைசென்ஸுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவருக்கு 2 வருடம். வெளிநாட்டில் படித்து எஃப்.பி.ஜி.இ.சி. சான்றிதழ் (வெளிநாட்டு ஃபார்மசி பட்டதாரிகளின் படிப்பைப் பரிசீலித்து, தேர்வும் ஆங்கிலத் தேர்வும் வைத்துத் தருவது) வாங்கியவருக்கும் 2 வருடம். லைசென்ஸ் தேர்வில் நான்கு முறை தவறி, மறுபடி பள்ளியில் பாடம் படிக்கச் சேர்ந்தவருக்கு 1 வருடம்.

பள்ளி மாணவர்களுக்கு இதில் தலைவலி குறைவு. முதல் வருடம் தொடங்கும்போதே பள்ளி அலுவலகம் மொத்தமாகப் படிவம் கொடுத்து, சேர்க்கைச் சான்றில் தானே கையெழுத்திட்டு அனுப்பிவைக்கும். லைசென்ஸ் வரத் தாமதமானால் முதல் வருடத்துக் களப்பயிற்சிக்குப் போக முடியாது என்பதால் பள்ளியே உங்களைத் துரத்தும். பள்ளி அங்கீகார விதிப்படி ஆரம்பக் களப்பயிற்சி 300 மணிக்கும், கடைசி வருடப் பயிற்சி 1,440 மணிக்கும் குறையக் கூடாது. முழு லைசென்ஸுக்கு மாநிலம் கேட்பது 1,500 பயிற்சி மணிதான். அங்கீகாரம் பெற்ற அமெரிக்கப் பள்ளியில் 2016 ஜனவரி 1-க்குப் பிறகு பட்டம் வாங்கியவர்கள் அந்த 1,500 மணியை முடித்தவர்களாகவே கொள்ளப்படுவார்கள். தனியாக மணிக்கணக்கு காட்ட வேண்டியதில்லை. மாணவர்கள் கீழே பெயர், விரல்ரேகை, வேலையில் சேர்ந்த பின் செய்ய வேண்டியவை பற்றிய பகுதிகளைப் படித்தால் போதும். மற்றதெல்லாம் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கு.

பி.ஃபார்ம் படித்தவர்கள் முதலில் பார்க்க வேண்டியது

எஃப்.பி.ஜி.இ.சி. சான்றிதழைத் தருவது மாநில போர்டு அல்ல, என்.ஏ.பி.பி. என்ற தேசிய அமைப்பு. அதன் விதி எளிமையானது, கடுமையானது. 2003 ஜனவரி 1-க்கு முன் பட்டம் பெற்றிருந்தால் நான்கு வருடப் பாடத்திட்டம் போதும். அதற்குப் பிறகு பெற்றிருந்தால் குறைந்தது ஐந்து வருடம் இருக்க வேண்டும். இந்தியாவின் நான்கு வருட பி.ஃபார்ம் இங்கேதான் அடிபடுகிறது. மேலே எம்.ஃபார்ம் படித்திருந்தாலும் தொழில் பட்டத்தின் நீளம் கூடாது. இந்தியாவில் 2008-இல் தொடங்கிய ஆறு வருட ஃபார்ம்.டி. படித்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

இது தெரியாமலே தேர்வுப் புத்தகம் வாங்கி, ஆங்கிலத் தேர்வுக்குப் பணம் கட்டி, கடைசியில் தகுதிப் பரிசீலனையில் திரும்பி வருகிறவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள். நான்கு வருடப் பட்டம் கையில் உள்ளவருக்கு இந்த இன்டர்ன் வழி திறக்காது. அமெரிக்கப் பள்ளியில் ஃபார்ம்.டி. சேர்ந்து, மாணவராக இன்டர்ன் லைசென்ஸ் வாங்குவது ஒரு வழி. ஃபார்மசி டெக்னீஷியன் லைசென்ஸ் இன்னொரு வழி. இரண்டாவது வேகமானது, ஆனால் அந்த மணிநேரம் 1,500-இல் சேராது.

தகுதி இருப்பவர்கள் ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே இரண்டு காரியம் செய்துவைத்தால் அலைச்சல் பாதி குறையும். ஒன்று, மாநில ஃபார்மசி கவுன்சில் பதிவைக் காலாவதி ஆகாமல் புதுப்பித்து வைப்பது. சொந்த நாட்டில் தடையின்றித் தொழில் செய்யும் பதிவு உங்களுக்கு உண்டு என்று என்.ஏ.பி.பி. ஆதாரம் கேட்கும். தமிழ்நாடு ஃபார்மசி கவுன்சில் பதிவு விட்டுப்போயிருந்தால் கலிஃபோர்னியாவில் உட்கார்ந்துகொண்டு அதைச் சரிசெய்ய மாதங்கள் ஓடும். இன்னொன்று, பல்கலைக்கழகத்தின் உறையிட்ட மதிப்பெண் பட்டியல். படிப்பு விவரம் பல்கலைக்கழகத்திலிருந்து நேரே போக வேண்டும். உங்கள் கையில் உள்ள அசலை நீங்களே அனுப்பினால் ஏற்கமாட்டார்கள். விண்ணப்பித்துப் பின்தொடர ஊரில் பொறுப்பான ஒரு ஆள் இருப்பது நல்லது. ஆங்கிலத் தேர்வில் ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் குறைந்தபட்ச மதிப்பெண் உண்டு. மொத்தம் எவ்வளவு நன்றாக வந்தாலும் பேச்சுப் பகுதியில் தவறினால் தவறியதுதான். நம்மவர்கள் அதிகம் தவறுவதும் அந்தப் பகுதியில்தான்.

இரண்டு வருடக் கணக்கு

சான்றிதழ் கைக்கு வந்ததும் அன்றிரவே இன்டர்ன் விண்ணப்பத்தைத் தபாலில் போடத் தோன்றும். பொறுங்கள். 1,500 மணியை 104 வாரத்தால் வகுத்தால் வாரத்துக்கு 14 மணி 25 நிமிடம் வரும். எளிதாகத் தெரிகிறது, முதல் நாளிலிருந்து வேலை இருந்தால். வேலை தேடுவதில் எட்டு மாதம் போய்விட்டால் மீதி 70 வாரத்தில் வாரம் 21 மணிக்கு மேல் வேண்டும். ஒரு வருடம் வீணானால் வாரம் 29 மணி. பயிற்சி இடம் தரும் பல கடைகள் வாரத்துக்கு ஒன்றிரண்டு நாளுக்கு மேல் தருவதில்லை. முழு நேரமாக வாரம் 40 மணி கிடைத்தால் ஒன்பது மாதத்துக்குள் முடிந்துவிடும், அது அபூர்வம்.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் வேலை செய்ய அனுமதி, அடுத்து வாய்வார்த்தையாகவாவது ஒரு கடையின் சம்மதம், அதன் பிறகு இன்டர்ன் விண்ணப்பம். பரிசீலனைக்கு எடுக்கும் வாரங்களையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு கடையில் சேரும் தேதி பேசுங்கள். காலம் முடிந்தும் மணி முடியாதவர்களுக்கு 2 வருடம் வரை நீட்டிப்பு தர போர்டுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் முதல் காலத்தில் லைசென்ஸைப் பயன்படுத்த முடியாமல் போனதற்கான காரணத்தை நீங்கள் நிரூபிக்க வேண்டும். தருவதும் தராததும் அவர்கள் விருப்பம். கடுமையான நோய் போன்ற ஆவணம் காட்டக்கூடிய காரணத்துக்கும் ‘இடம் கிடைக்கவில்லை’ என்பதற்கும் ஒரே எடை இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

லைசென்ஸ் வேறு, வேலை அனுமதி வேறு

இதைத் தனியாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். போர்டு உங்கள் தகுதியை மட்டுமே பார்க்கிறது. அமெரிக்காவில் வேலை செய்யலாமா என்பது குடியேற்றத் துறையின் கையில் இருக்கிறது. எச்-4 விசாவில் இருக்கும் துணைவர்களுக்கு வேலை அனுமதி அட்டை 2015 முதல் கிடைக்கிறது. அதுவும் பெரும்பாலும் துணையின் ஐ-140 மனு (வேலை வழி கிரீன் கார்டுக்கான மனு) ஏற்கப்பட்டிருந்தால்தான். அட்டை இல்லாமல் லைசென்ஸ் மட்டும் வாங்கி வைத்தால் இரண்டு வருடமும் சுவரைப் பார்த்தபடியே கழியும். ‘சம்பளம் வாங்காமல் செய்தால் பரவாயில்லை’ என்று நண்பர்கள் சொல்வதை நம்பி இறங்காதீர்கள். சம்பளமில்லாத வேலையும் விசா விதிகளில் சிக்கக்கூடும்; ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

விண்ணப்பத்தில் சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்கிறார்கள். அது இல்லாதவர்கள் ஐ.டி.ஐ.என். எனும் வரி எண்ணைக் கொடுக்கலாம். கலிஃபோர்னியா சட்டம் அதை ஏற்கிறது. வரி எண்ணுக்கு டபிள்யூ-7 படிவத்தை வருமான வரிக் கணக்கோடு சேர்த்து அனுப்புவது வழக்கம். சாதாரணமாக ஏழு வாரம், வரி சீசனில் அதற்கும் மேல் ஆகும். ஆகவே மார்ச்சில் வரிக் கணக்கு போடும்போதே இதையும் முடித்துக்கொள்ளுங்கள். பின்னால் சோஷியல் செக்யூரிட்டி எண் கிடைத்ததும் போர்டுக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

அகதியாக அனுமதிக்கப்பட்டவர்கள், அமெரிக்காவில் தஞ்சம் பெற்றவர்கள் ஆகியோரின் விண்ணப்பத்தை விரைந்து பார்க்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் போர்டுகளுக்குச் சொல்லியிருக்கிறது. இலங்கையிலிருந்து வந்து தஞ்சம் பெற்ற தமிழர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. தஞ்சம் கிடைத்ததற்கான ஆவண நகலை விண்ணப்பத்தோடு வையுங்கள், கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். வேகம்தான் கூடும், தகுதி விதி தளராது.

பெயர்

தமிழர்களின் விண்ணப்பம் தடுக்கி விழும் முதல் படி இது. பட்டச் சான்றிதழில் ‘கார்த்திகேயன் சு’. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயர், அதுவும் இரண்டு சொல்லாக. விசாவில் வேறு ஒரு கோலம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் ஒற்றைப் பெயர் குடும்பப் பெயராகிவிடும்; முதல் பெயர் இடத்தில் ‘பெயர் தெரியாது’ என்பதற்கான எஃப்.என்.யு. என்ற மூன்றெழுத்து உட்கார்ந்துகொள்ளும். அது அப்படியே ஓட்டுநர் உரிமத்துக்கும் போய்விடும்.

போர்டு, என்.ஏ.பி.பி., விரல்ரேகை, தேர்வு மையம் ஆகிய நான்கு இடத்திலும் ஒரே பெயர், ஒரே எழுத்துக்கோவை, ஒரே வரிசை இருக்க வேண்டும். தேர்வு மையத்தில் காட்டப்போகும் அட்டையில் எப்படி இருக்கிறதோ அதையே அடிப்படையாக எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பெயர்கள் அத்தனையையும் ‘முன்பு பயன்படுத்திய பெயர்’ பகுதியில் எழுதுங்கள், இனிஷியலோடு உள்ள வடிவத்தையும் சேர்த்து. கல்யாணத்துக்குப் பின் பெயர் மாற்றியவர்கள் திருமணச் சான்றிதழை வையுங்கள். அதில் புதுப் பெயர் இல்லாவிட்டால் அரசிதழில் வந்த பெயர் மாற்ற அறிவிப்பின் நகல் உதவும். பாஸ்போர்ட்டையே திருத்தும் எண்ணம் இருந்தால் எஃப்.பி.ஜி.இ.சி.க்கு விண்ணப்பிக்கும் முன்னால் செய்யுங்கள். நடுவழியில் பெயர் மாறினால் எல்லா இடத்திலும் முதலிலிருந்து திருத்த வேண்டிவரும்.

விரல்ரேகை

கலிஃபோர்னியாவில் வசிப்பவர்கள், மை இல்லாமல் கணினியில் ரேகை எடுக்கும் லைவ் ஸ்கேன் மையத்துக்குப் போக வேண்டும். போர்டின் விண்ணப்பத்தோடு வரும் லைவ் ஸ்கேன் படிவத்தையே எடுத்துப் போங்கள். அதில் முடிவு எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்ற குறியீடு அச்சிட்டிருக்கும். மையத்தில் கிடக்கும் வெற்றுப் படிவத்தை நிரப்பினால் பணமும் போய், முடிவும் வேறெங்கோ போய்விடும். குழந்தையின் பள்ளியில் தன்னார்வலராகச் சேர்ந்தபோது கொடுத்த ரேகை இதற்குச் செல்லாது. ஒவ்வொரு துறைக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும்.

மாநில நீதித் துறைக்கு 32 டாலர், எஃப்.பி.ஐ.க்கு 17 டாலர், அதன் மேல் மையம் வாங்கும் கூலி. கூலி இடத்துக்கு இடம் மாறும், போன் போட்டுக் கேட்டுப் போங்கள். வேலை முடிந்ததும் படிவத்தின் அடியில் பணியாளர் தேதியும் ஏ.டி.ஐ. எண்ணும் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறாரா என்று அங்கேயே பாருங்கள். அந்த எண் இல்லாமல் முடிவு எங்கே நிற்கிறது என்று பின்னால் தேட முடியாது. ஒரு நகல் விண்ணப்பத்தோடு போக வேண்டும், ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும்.

பிறந்த தேதியில் கவனம். அமெரிக்காவில் மாதம் முதலில், நாள் அடுத்து. ஆகஸ்ட் 5-ஐ நம் பழக்கத்தில் 05/08 என்று எழுதினால் அது மே 8 ஆகிவிடும். விண்ணப்பமும் ரேகையும் பொருந்தாமல் கோப்பு தூங்கும். பாத்திரம் கழுவியும் சானிடைசர் தேய்த்தும் ரேகை தேய்ந்த கைகளை இயந்திரம் திருப்பி அனுப்புவதும் உண்டு. முந்தின இரண்டு மூன்று நாள் எண்ணெயோ கிரீமோ தடவி, போகும் நாளில் மட்டும் தடவாமல் போங்கள்.

வேறு மாநிலத்தில் இருந்துகொண்டு விண்ணப்பிப்பவர்கள் மை தொட்டு எடுக்கும் ரேகை அட்டையை அனுப்பலாம். அதற்கு நாள் அதிகம் பிடிக்கும். கலிஃபோர்னியாவுக்கு வரும் பயணம் ஏதாவது இருந்தால் அப்போது லைவ் ஸ்கேன் கொடுத்துவிடுவதே மேல்.

உறையில் போடும் முன்

படிவத்தைப் போர்டின் தளத்திலிருந்து அனுப்பப்போகும் வாரத்தில் புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள். போன வருடம் விண்ணப்பித்த நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் கோப்பு வேண்டாம். பதிப்பும் மாறும், கட்டணமும் மாறும். கட்டணம் திரும்பக் கிடைக்காது. படம் 2 x 2 அங்குலம், அண்மையில் எடுத்தது. ஊரில் எடுத்த 35 x 45 மி.மீ. படம் அளவுக்கு ஒத்துவராது. எஃப்.பி.ஜி.இ.சி. சான்றிதழின் நகலை வையுங்கள், அசலை வேண்டாம். கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதி போட மறப்பதும், ஒரு கேள்வியைக் காலியாக விடுவதும்தான் கோப்பு திரும்பி வர வழக்கமான காரணங்கள். பொருந்தாத கேள்விக்கும் ‘பொருந்தாது’ என்றே எழுதுங்கள்.

முழு விண்ணப்பத்தையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, தடம் பார்க்கக்கூடிய தபாலில் போர்டு இருக்கும் சாக்ரமென்டோவுக்கு அனுப்புங்கள். குறை இருந்தால் கடிதம் வரும், அதில் கெடு இருக்கும். மின்னஞ்சலில் குப்பைப் பெட்டியையும் பார்த்துக்கொண்டிருங்கள். கேட்டதை எல்லாம் ஒரே உறையில், கடிதத்தின் நகலையும் மேலே வைத்து அனுப்புங்கள். தினமும் போன் போடுவதால் வேகம் கூடுவதில்லை. மாநிலத்தின் லைசென்ஸ் தேடல் தளத்தில் உங்கள் பெயரும் எண்ணும் தெரிந்தால் லைசென்ஸ் வந்துவிட்டது என்று பொருள். இன்டர்ன்களின் முகவரியை மட்டும் இணையத்தில் வெளியிடக் கூடாது என்று விதி இருப்பதால், அங்கே அது இல்லையே என்று பதற வேண்டாம்.

கடை தேடுதல்

ஒரு ஃபார்மசிஸ்ட் ஒரே நேரத்தில் இரண்டு இன்டர்ன்களுக்கு மேல் மேற்பார்க்கக் கூடாது. பெரிய சங்கிலிக் கடைகள் பள்ளி மாணவர்களுக்கு இந்த இடங்களை முன்கூட்டியே ஒதுக்கிவிடுவதால், வெளிநாட்டுப் பட்டதாரி கேட்கும்போது பெரும்பாலும் இடம் இருக்காது. தனியார் சிறு கடைகளில் வாய்ப்பு அதிகம். நேரில் போய், பொறுப்பு ஃபார்மசிஸ்டைக் கேளுங்கள். திங்கட்கிழமை வேண்டாம், அன்றைக்குக் கூட்டம் நெரியும். வார நடுவில் பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குப் போனால் நின்று பேசுவார்கள். எத்தனை மணி வேண்டும், எந்த நாட்கள் வர முடியும், லைசென்ஸ் எப்போது வரும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.

1,500-இல் 900 மணியாவது மருந்தகத்துக்குள் ஃபார்மசிஸ்டின் மேற்பார்வையில் இருக்க வேண்டும். தொழிலோடு நெருங்கிய மற்ற வேலைகளுக்கு அதிகபட்சம் 600 மணி வரை ஏற்கப்படலாம். சமூக மருந்துக்கடை, மருத்துவமனை போன்ற நிறுவன மருந்தகம் இரண்டிலும் அனுபவம் வேண்டும். எல்லாரும் சறுக்கும் இடம் இது: 1,500-ஐயும் தெருமுனைக் கடையிலேயே முடித்துவிட்டு, கடைசியில் மருத்துவமனை வாசலில் நிற்பார்கள். முதல் ஆறு மாதத்திலேயே மருத்துவமனை இடத்துக்கு விண்ணப்பிக்கத் தொடங்குங்கள்.

மருத்துவமனைகள் தடுப்பூசி ஆவணங்களும் காசநோய்ப் பரிசோதனையும் கேட்கும். சிறு வயதில் பி.சி.ஜி. போட்டுக்கொண்ட நமக்குத் தோலில் செய்யும் சோதனை காசநோய் இல்லாமலே பாசிட்டிவ் காட்டலாம். பிறகு எக்ஸ்-ரே, கடிதம் என்று இழுக்கும். நேரடியாக ரத்தப் பரிசோதனையாகக் கேட்டு வாங்குங்கள், பி.சி.ஜி. அதைக் குழப்பாது. தட்டம்மை, சின்னம்மை, மஞ்சள்காமாலை பி தடுப்பூசி அட்டை தொலைந்திருந்தால் எதிர்ப்புசக்தி அளவு பார்க்கும் ரத்தச் சோதனை போதும் என்று பல இடங்கள் ஏற்கும்.

வேலையில் சேர்ந்த பின்

மேற்பார்க்கும் ஃபார்மசிஸ்ட் அனுமதித்தால், அவர் நேரடிக் கண்காணிப்பில், ஃபார்மசிஸ்ட் செய்யும் எல்லா வேலையையும் இன்டர்ன் செய்யலாம்: மருந்துச் சீட்டு சரிபார்ப்பது, நோயாளியிடம் விளக்குவது, மருத்துவரைக் கூப்பிட்டுக் கேட்பது. அவர் சாப்பாட்டு இடைவேளைக்கு வெளியே போனால் கதை மாறும். அந்த நேரத்தில் முடிவெடுக்கும் வேலை எதையும் நீங்கள் செய்யக் கூடாது. ‘ஒரே ஒரு கேள்விதான்’ என்று வாடிக்கையாளர் கேட்டாலும், அவர் வரும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். கடைச் சாவியை உங்களிடம் கொடுத்து ‘காலையில் திறந்து வை’ என்றால் மறுத்துவிடுங்கள். சாவி ஃபார்மசிஸ்டின் கையில்தான் இருக்க வேண்டும். பெயர் அட்டையில் உங்கள் பெயரும் இன்டர்ன் என்ற தகுதியும் 18 புள்ளிக்குக் குறையாத எழுத்தில் தெரிய வேண்டும்.

மணிநேரக் கணக்கை அன்றன்றே எழுதுங்கள்: தேதி, நேரம், கடை, மேற்பார்த்தவர், அவருடைய லைசென்ஸ் எண். இறுதியில் போர்டுக்குப் போவது மணிநேர அஃபிடவிட். பொய் சொன்னால் குற்றம் என்ற உறுதிமொழியோடு ஃபார்மசிஸ்ட் அதில் கையெழுத்திடுவார். அதனால் நினைவிலிருந்து தோராயமாகப் போட்ட எண்ணுக்குக் கையெழுத்து கேட்பது அவரை ஆபத்தில் மாட்டுவது. ஒரு கடையை விட்டுப் போகும்போதே கடைசி நாளில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஃபார்மசிஸ்டுகள் கடை மாறுவார்கள், ஊர் மாறுவார்கள், கடையே விற்கப்படும். ஒரு வருடம் கழித்து 400 மணிக்கு ஆள் தேடுவது பெரும்பாடு. கையெழுத்தான அசல் தாளை நீங்களே பத்திரப்படுத்துங்கள்.

வீடு மாறினால் 30 நாளுக்குள் போர்டுக்குத் தெரிவிக்க வேண்டும். தபால் நிலையத்தில் முகவரி மாற்றிவிட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். போர்டுக்குத் தனியாக எழுத வேண்டும். மாணவராக இருந்து லைசென்ஸ் வாங்கியவர் படிப்பை நடுவில் விட்டால், 30 நாளுக்குள் பதிவுத் தபாலில் லைசென்ஸைத் திருப்பி அனுப்ப வேண்டும்.